கொக்கு யார் என்று கேட்டவர்களுக்கு

மதிப்பிற்குரிய படப்புத்தகத் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் பிள்ளைகள் செய்து அனுப்பிய ‘கொக்கு ஆபீஸ்’ என்ற படக்கதையைத் திருப்பி அனுப்பியிருந்தீர்கள். கூடவே மூன்று கேள்விகளோடு ஒரு கடிதம். 15 நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று இருந்தது. இன்று பதினான்காம் நாள்.

உங்கள் அமைப்பின் பெயரையும் உங்கள் பெயர்களையும் இந்த மடலில் எங்கும் எழுதவில்லை. வேண்டுமென்றுதான். படிக்கிறவர்கள் அவரவருக்குத் தெரிந்த ஒரு குழுவை நினைத்துக்கொள்ளட்டும். படக்கதையும் இப்படித்தான் வேலை செய்கிறது. மேற்கொண்டு படிக்க நேரமில்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ராமநாதபுரம் மாவட்டத்தில், திருப்பாலைக்குடிக்கும் தொண்டிக்கும் நடுவில் ஒரு கரையூரில், சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணி வரை பிள்ளைகளுக்கு வாசிப்பு அறை நடத்துகிறேன். அறை என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. முன்பு வலை போட்டு வைத்திருந்த கொட்டகை. மழை பெய்தால் இன்னும் பழைய வலை வாசம் எழும்பும். புத்தகங்களுக்கும் அந்த வாசம் ஏறிவிட்டது. நாங்கள் அனுப்பிய படக்கதையிலும் இருந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கதை தடைக்காலத்தில் செய்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. பள்ளிக்கூடமும் அநேகமாக அப்போதுதான் லீவு. படகு கரையில், அப்பா வீட்டில், பிள்ளைகள் என் தலைமேல். ஒருநாள் பஞ்சதந்திரத்துக் கொக்கு கதையைச் சொன்னேன். கிழட்டுக் கொக்கு, மீன் பிடிக்கத் தெம்பில்லாமல், குளக்கரையில் நின்று கண்ணீர் விடும். பன்னிரண்டு வருஷம் மழை கிடையாதாம், குளம் வற்றப்போகிறதாம், அந்தப் பக்கம் பெரிய ஏரி இருக்கிறதாம், ஒவ்வொருவராகக் கொண்டுபோய் விடுகிறேன் என்னும். மீன்கள் நம்பும். பாறைமேல் எலும்பு குவியும். கடைசியில் நண்டு போய்க் கழுத்தைக் கவ்வும்.

கேட்டு முடித்ததும் பிள்ளைகளுக்கு வந்த முதல் சந்தேகம், “மீனெல்லாம் எப்படி டீச்சர் கொக்கை நம்புச்சு?” கடலோரத்துப் பிள்ளைகளுக்கு இது நியாயமான சந்தேகம். கொக்கு தவசி மாதிரி ஒற்றைக் காலில் நின்றது, அதனால் நம்பின என்றேன். எட்டாவது படிக்கிற ஒருத்தி ஒத்துக்கொள்ளவில்லை. “இப்ப யாரு டீச்சர் சாமியாரை நம்புறா?” என்றாள். (அவளுக்குச் செய்தித்தாள் படிக்கும் பழக்கம் இல்லை.)

அப்படியானால் கொக்கை எப்படி நம்ப வைப்பது? இரண்டு நாள் இதே பேச்சு. கடைசியில் கொக்குக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, மூக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துண்டு ஒன்றைப் போட்டார்கள். ஒரு பையன், “டோக்கன் கொடுத்தா நம்பிரும்” என்றான். எல்லாரும் சரி என்றுவிட்டார்கள். இந்தக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போக டோக்கன், ரேஷனில் ஏதாவது விசேஷமாகக் கொடுத்தால் டோக்கன், புயல் நிவாரணம் வந்தால் டோக்கன். ஆக, மீன்கள் வரிசையில் நிற்கின்றன. சூடை, காரல், நகரை, ஒரு திருக்கை. கொக்கு எண் போட்ட சீட்டுக் கொடுத்து, நாளைக்குப் பத்துப் பேர் என்று கூட்டிக்கொண்டு போகிறது.

பாறைமேல் எலும்புக் குவியல் வரைகிற பொறுப்பு மூன்றாவது படிக்கிற பிள்ளைக்கு விழுந்தது. அவளுக்கு எலும்பு வரைய வரவில்லை. டோக்கன் வரைய வந்தது. அதனால் பாறைமேல் டோக்கன்களைக் குவித்து வைத்துவிட்டாள். நண்டு அதைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறது. 30 வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். எனக்கு இது தோன்றியிருக்காது.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். கொக்கு யாரைக் குறிக்கிறது, நண்டு நீல நிறத்தில் இருப்பதன் காரணம் என்ன, கடைசிப் பக்கத்தில் நாற்காலி காலியாக இருப்பது எதை உணர்த்துகிறது.

நண்டு சுலபம் என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். நண்டு நீலமாக இருப்பதால் நீலமாக வரைந்தார்கள். பாக் விரிகுடாவில் எங்கள் ஆட்கள் நண்டு வலை போட்டு எடுப்பது நீலக்கால் நண்டு. ஆண் நல்ல நீலம், பெண் கொஞ்சம் பழுப்பு. சிவப்பாக நீங்கள் பார்த்திருந்தால் அது தட்டில் பார்த்ததாக இருக்கும். வெந்த பிறகுதான் சிவக்கும். நீலத்தை ஏதோ ஒரு கொடியின் நிறமாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். சிவப்பாக மாற்றினால் மட்டும் என்ன, அதற்கும் கொடி இருக்கிறது. பச்சை, மஞ்சள், கறுப்பு, காவி, எதைத் தொட்டாலும் இந்த நாட்டில் அதற்கு ஒரு கட்சி உண்டு. ஸ்கெட்ச் பேனா பாக்கெட்டில் மொத்தமே 12 நிறம்தான்.

கொக்குதான் உங்கள் முக்கியமான கேள்வி. உங்கள் கடிதத்தைப் பிள்ளைகளிடமே படித்துக் காட்டிக் கேட்டேன். நண்டுக்கு விலை சொல்கிற கம்பெனிக்காரர் என்று ஒருவன் சொன்னான். குழுக் கடன் வசூலிக்க வருகிற அண்ணன் என்று இன்னொருத்தி. டியூஷன் சார் என்று ஒரு மெல்லிய குரல் பின்னாலிருந்து வந்தது, யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாவது படிக்கிற ஒரு பையன் மட்டும், “கொக்கு கொக்குதான டீச்சர்?” என்று கேட்டுவிட்டு, உங்களைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

இவர்களில் யாருமே சொல்லாத ஒருவர் உங்கள் மனதில் இருக்கிறார். இல்லாவிட்டால் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அவர் யார் என்று நான் கேட்கப்போவதில்லை.

இந்த மாதிரிக் கேள்வி உங்களோடு ஆரம்பித்ததும் இல்லை. அமெரிக்காவில் 1958-இல் கார்த் வில்லியம்ஸ் என்ற ஓவியர் ஒரு கறுப்பு முயலுக்கும் வெள்ளை முயலுக்கும் கல்யாணம் செய்து வைத்து ஒரு படப்புத்தகம் போட்டார். மறு வருஷம் அலபாமா மாநிலத்தில் அது பெரிய சண்டையானது. கறுப்பர் வெள்ளையர் கலப்பைப் பிள்ளைகளுக்குப் போதிக்கிறதாம். மாநில நூலகத் துறையின் தலைவியாக இருந்த எமிலி ரீட், அரசியல்வாதிகள் நெருக்கியும் புத்தகத்தை வெளியே எறியவில்லை. ஆனால் பொது அடுக்கிலிருந்து எடுத்து, கேட்பவர்களுக்கு மட்டும் கொடுக்கிற அடுக்கில் வைக்க வேண்டியதாயிற்று. வெள்ளை ரோமம் உள்ள மிருகங்கள் வெள்ளைக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள் என்பது தனக்கு இதுவரை தெரியாது என்கிற பாணியில் வில்லியம்ஸ் பதில் சொன்னார். நான் படித்த வரையில் ஒரு குழுவுக்குக் கொடுக்கப்பட்ட பதில்களில் இதுதான் சிறந்தது. (கறுப்பு முயல், வெள்ளை முயல், கல்யாணம், எதிர்ப்பு. நம்ம மாவட்டத்தில் யாருக்கும் இதற்குப் பொழிப்புரை வேண்டியதில்லை.)

1936-இல் வந்த ஃபெர்டினாண்ட் காளையின் கதை இன்னும் விசித்திரம். மன்றோ லீஃப் எழுதி, ராபர்ட் லாசன் படம் போட்டது. சண்டை போடப் பிடிக்காமல் மரத்தடியில் உட்கார்ந்து பூவை மோந்து பார்க்கிற ஸ்பெயின் காளை, அவ்வளவுதான் விஷயம். புத்தகம் வந்த நேரம் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கியிருந்தது. உடனே காளை கம்யூனிஸ்ட் என்றார்கள், பாசிஸ்ட் என்றார்கள், கோழை என்றார்கள். ஃபிராங்கோவின் ஸ்பெயின் தடை செய்தது. ஹிட்லரின் ஜெர்மனி எரித்தது. ஒரே காளை எத்தனை கட்சியில்தான் இருக்கும்?

இந்தக் கதையைச் சொன்னபோது எங்கள் பிள்ளைகளில் ஒருவன் கையைத் தூக்கினான். அவன் தாத்தா ஊர் ஆர்.எஸ். மங்கலம் பக்கம், மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்தவன். “சண்டை போடாத மாடுன்னா வெட்டுக்குல்ல டீச்சர் அனுப்பிருவாங்க?” என்றான். நான் வாயை மூடிக்கொண்டேன். சர்வாதிகாரிகள் இரண்டு பேர் அந்தப் புத்தகத்தைப் படித்தும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எல்லாப் புத்தகமும் அப்பாவி என்று நான் வாதாட வரவில்லை. சில புத்தகங்களில் ஆசிரியரே ஆளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறார். அமெரிக்கக் குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸ் 1958-இல் எழுதிய யெர்ட்டில் ஆமையின் கதை அப்படி. குளத்து ராஜாவான ஆமை, இன்னும் உயரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று மற்ற ஆமைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உச்சியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அடியில் கிடக்கும் சாதாரண ஆமை ஒரு ஏப்பம் விடும், மொத்தமும் சரியும். யெர்ட்டில் ஹிட்லர்தான் என்று சூஸே சொல்லியிருக்கிறார். ஹிட்லர் செத்து எத்தனையோ வருஷம் கழித்து, 2012-இல், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு ஆசிரியை, அடியில் கிடக்கும் எங்களுக்கும் உரிமை வேண்டும் என்று அந்த ஆமை கேட்கிற வரியைப் பள்ளியில் பயன்படுத்த நினைத்தார். ஆசிரியர்களுக்கும் அரசுக்கும் தகராறு நடந்துகொண்டிருந்த சமயம். அது அரசியல் வாசகம், கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஹிட்லருக்காகத் தைத்த சட்டை தனக்குச் சரியாக இருக்கிறது என்று தானாகவே முன்வந்து போட்டுக் காட்டிய நிர்வாகம் அது.

எங்கள் பிள்ளைகள் ஏப்பத்தை ஏற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். “அடியில இருக்கிற ஆமை மூச்சு விட மேல வரணும்ல? அதுக்காகவே சாய்ஞ்சிரும்” என்றாள் ஒருத்தி. கடலாமை மூச்சு வாங்க மேலே வருவதைப் படகிலிருந்து பார்த்த வீட்டுப் பிள்ளை. சூஸ் வேடிக்கையாக முடித்த இடத்தை அவள் உயிர்ப் பிரச்சினையாக்கிவிட்டாள்.

இனி ஹாங்காங். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2020-இலும் 2021-இலும் அங்கே மூன்று படப்புத்தகங்கள் வந்தன. ஆட்டுக் கிராமத்துக் கதைகள். ஓநாய்கள் கிராமத்தைப் பிடிக்க வருகின்றன, ஆடுகள் எதிர்த்து நிற்கின்றன. அடுத்ததில் துப்புரவு வேலை செய்யும் ஆடுகள் வேலைநிறுத்தம் செய்கின்றன. மூன்றாவதில் 12 ஆடுகள் படகில் தப்பிப் போகும்போது பிடிபடுகின்றன. வெளியிட்டது பேச்சுப் பயிற்சியாளர்களின் தொழிற்சங்கம். திக்குகிற, வார்த்தை வராத பிள்ளைகளைப் பேச வைப்பது அவர்கள் தொழில். 2019 போராட்டத்தையும், 2020-இல் மருத்துவ ஊழியர்கள் செய்த வேலைநிறுத்தத்தையும், அதே வருஷம் ஆகஸ்டில் படகில் போய்ப் பிடிபட்ட 12 பேரையும் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லவே எழுதினார்கள் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. 2021 ஜூலையில் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து பேரைக் கைது செய்தார்கள். 2022 செப்டம்பரில் ஆளுக்கு 19 மாதம் சிறை. மறு வருஷம், அந்தப் புத்தகங்களை வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்த ஒருவருக்கு 4 மாதம்.

எந்தச் சட்டத்தில் என்று பார்த்தால், பிரிட்டிஷ்காரர்கள் விட்டுவிட்டுப் போன ராஜதுரோகச் சட்டம். நமக்கும் அது பழக்கமான சரக்குதான். இங்கே 1870-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 124ஏ பிரிவு என்று வந்து, திலகரையும் வ.உ.சி.யையும் காந்தியையும் உள்ளே தள்ளியது. ஹாங்காங்கில் ஆட்டுக்குட்டிகளுக்குத் தீர்ப்புச் சொன்ன அதே 2022-இல், மே மாதம், நம் உச்ச நீதிமன்றம் 124ஏ-வை நிறுத்தி வைத்தது.

இதையும் பிள்ளைகளுக்கு வாயால் சொன்னேன். ஹாங்காங், சீனா எதையும் சொல்லவில்லை. ஆடு, ஓநாய், படகு மட்டும். 12 ஆடுகள் கடலில் பிடிபட்டன என்றதும் கொட்டகை அப்படியே அமைதியாகிவிட்டது. “எல்லை தாண்டிருச்சா டீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். “ஆளை விட்டாலும் படகை விட மாட்டாங்க” என்றான் பக்கத்தில் இருந்தவன். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் சொந்தக்காரர்கள் உள்ள ஒரு பிள்ளை கேட்டது வேறு: “படகுக்காரனுக்கு எவ்வளவு காசு கொடுத்துச்சாம்?” ஒரே படகு. ஒருவனுக்கு அது போன மாதம் பிடிபட்ட சித்தப்பாவின் படகு, இன்னொரு பிள்ளைக்கு அவள் ஆச்சி ராத்திரியில் வந்திறங்கிய படகு. ஹாங்காங் நீதிமன்றத்தில் அந்தப் படகுக்கு ஒரே ஒரு அர்த்தம் எழுதி முத்திரை குத்திவிட்டார்கள். இந்தக் கரைக்கு அந்த முத்திரை வந்து சேரவில்லை.

அர்த்தம் பிந்தி வருவதும் உண்டு. சோவியத் குழந்தைப் புத்தகங்களைத் தமிழில் படித்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. வழவழத் தாளும் அந்த மை வாசமும் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் செல்லமான கவிஞர் கோர்னேய் சுக்கோவ்ஸ்கி 1920-களின் தொடக்கத்தில் ஒரு கரப்பான்பூச்சிக் கதை எழுதினார். பெரிய மீசை வைத்த கரப்பான் ஒன்று வந்து யானை, சிங்கத்தையெல்லாம் மிரட்டும்; எல்லாம் நடுங்கிப் பணியும்; கடைசியில் ஒரு குருவி வந்து லபக்கென்று விழுங்கிவிடும். அவர் எழுதியபோது ஸ்டாலின் ஆட்சி வந்திருக்கவில்லை. பிறகு வந்தார், மீசையோடு. கதையில் ஒரு எழுத்தும் மாறவில்லை, ஆனால் படித்தவர்கள் எல்லாருக்கும் கரப்பான் யார் என்று தெரிந்துபோயிற்று. எழுதியவரிடம் விளக்கம் கேட்டு 15 நாள் கெடு கொடுத்திருந்தால் பாவம், அவர் என்ன சொல்லியிருப்பார்?

வெளிநாட்டுக் கதை எதற்கு என்பீர்கள். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று கண்டுபிடிக்கிற ஜோக். யார் பெயரும் இல்லை. சட்டசபை அதைத் தன் மேல் எடுத்துக்கொண்டு ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பி, சில நாளில் விட்டுவிட்டார்கள். அவர் கோர்ட்டுக்குப் போய் ஆயிரம் ரூபாய் இழப்பீடும் வாங்கினார். பெயரில்லாத படத்துக்குப் பெயர் எழுதிக் கொடுத்தது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். படப்புத்தகத்துக்குள் அரசியல் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது தேவையான வேலைதான். ஆமைக்குள் ஹிட்லரை வைத்த அதே சூஸ், போர்க்காலத்தில், 1942-இல், ஒரு பத்திரிகையில் அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியர்கள் எல்லாரும் வெடிமருந்து வாங்க வரிசையில் நிற்பதாகக் கார்ட்டூன் போட்டவர். பிற்பாடு மனம் மாறி, 1954-இல் ஒரு புத்தகத்தை ஜப்பானிய நண்பருக்குச் சமர்ப்பணம் செய்தார். இருந்தாலும் ஆசிய, ஆப்பிரிக்க மனிதர்களை அவர் கேலியாக வரைந்திருந்த படங்களுக்காக, அவருடைய ஆறு புத்தகங்களை இனி அச்சிடுவதில்லை என்று அவர் புத்தகங்களை நிர்வகிக்கிறவர்களே 2021-இல் முடிவெடுத்தார்கள். ஆகவே நீங்கள் பூதக்கண்ணாடி வைத்திருப்பதில் எனக்கு வருத்தமில்லை. அதை எங்கே பிடிக்கிறீர்கள் என்பதில்தான் வருத்தம்.

இதுவரை என் கைக்கு வந்த குழந்தைப் புத்தகங்களில் ‘மீனவர்’ என்று போட்டிருக்கும் படம் இப்படித்தான் இருக்கும். இடுப்பில் ஒரு துண்டு, தலையில் ஒரு துண்டு, தோளில் வீச்சு வலை, பக்கத்தில் ஒரு தென்னை மரம். எங்கள் பிள்ளைகளின் அப்பாக்கள் ஜி.பி.எஸ். பார்த்து வலை இறக்குகிறவர்கள். அம்மாக்கள் ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறி ராமநாதபுரம் சந்தைக்குப் போகிறவர்கள். பாம்பன் பக்கம் போனால் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவர்கள். இவர்கள் யாரையும் நான் படத்தில் பார்த்ததில்லை. அப்புறம் ராட்சசன். அவன் எப்போதும் கறுப்பு. ராஜகுமாரி எப்போதும் ரோஸ். ‘நல்ல வேலைக்காரன்’ முதலாளிக்குத் திருப்பிப் பேசாதவன். இந்தப் படம் எதைக் குறிக்கிறது என்று கேட்டு எந்தக் குழுவும் எந்தப் பதிப்பாளருக்கும் கடிதம் எழுதியதாக எனக்குத் தெரியாது. அவையும் அரசியல்தான், ஆனால் பழகிய அரசியல். கண்ணை உறுத்துவதில்லை.

உங்கள் யோசனை ஒன்றையும் பிள்ளைகளிடம் வைத்தேன். கொக்கின் மேசை, நாற்காலி, டோக்கனை எடுத்துவிட்டு, பழைய கதைப்படி பாறைமேல் நிற்க வைக்கலாம், கடைசியில் ‘நீதி’ ஒன்று சேர்க்கலாம் என்று எழுதியிருந்தீர்களே. “நாற்காலியை எடுத்துட்டா மீன் எப்படி டீச்சர் நம்பும்?” என்று பழைய இடத்துக்கே போய்விட்டார்கள். அவர்களுக்கு இது கிண்டல் இல்லை, கதைத் தர்க்கம். பஞ்சதந்திரத்தைச் சொன்ன விஷ்ணு சர்மா ராஜகுமாரர்களுக்கு அரசியல் சொல்லித்தரத்தானே இந்தக் கொக்கையும் நண்டையும் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள்? அந்தக் காலத்தில் ஆளை நம்ப வைக்கத் தவசி வேஷம் போதும். கொக்கு காலத்துக்குத் தகுந்த மாதிரி வேஷத்தை மாற்றிக்கொண்டது, கொக்குக்கு அது இயல்பு.

தமிழில் கொக்குக்கு மரியாதை ஜாஸ்தி. காலம் பார்த்துக் காத்திருக்க வேண்டும் என்று அரசனுக்குச் சொல்லும் இடத்தில் வள்ளுவர் கொக்கைத்தான் காட்டுகிறார். ஓடுமீன் ஓட உறுமீன் வரும்வரை வாடி நிற்கும் கொக்கை மூதுரையில் ஔவையும் அடக்கத்துக்கு உதாரணமாகச் சொன்னார். இரண்டையும் நான் வருஷக்கணக்காக மனப்பாடம் செய்ய வைத்தவள். அந்த உறுமீன் என்ன நினைத்திருக்கும் என்று ஒரு வகுப்பிலும் கேட்டதில்லை. ‘கொக்கு ஆபீஸ்’ செய்த பிள்ளைகள் மீன் வரிசையில் நின்று அந்தக் கதையைப் பார்த்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் உங்களுக்கு நான் கொஞ்சம் காரமாகவே பதில் எழுதியிருப்பேன். உங்கள் கடிதத்தைப் படித்த அன்று சாயங்காலம், எல்லாரும் போன பிறகு, டோக்கன் வரைந்த அந்தச் சின்னப் பிள்ளை மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றாள். “டீச்சர், மீனை நம்மளும் பிடிக்கிறோம்ல. அப்ப கொக்கு நம்மதானா?” என்றாள்.

நான் என்ன சொல்வது? அவள் அப்பா நண்டு வலைக்காரர். அந்த வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிவது மீனால். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கொக்கை வைதுவிட்டு, தானும் கொக்காக இருக்கலாமோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. “தெரியலையேம்மா, நீ என்ன நினைக்கிற?” என்றேன். “கொஞ்சம் கொக்கு, கொஞ்சம் மீன்” என்று சொல்லிவிட்டு, ஒற்றைச் செருப்போடு ஓடிவிட்டாள். உங்கள் முதல் கேள்விக்கு எங்களிடம் இருக்கிற விளக்கம் இதுதான். குழுவில் உள்ளவர்களும் தங்களைப் பற்றி இதே சந்தேகத்தை ஒருமுறை பட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது கேள்வி, காலி நாற்காலி. கொக்கு செத்த பிறகு அதில் யார் உட்காருவது என்று பிள்ளைகளுக்குள் சண்டை. நண்டு உட்காரட்டும் என்றார்கள் பையன்கள். நண்டு உட்கார்ந்தால் அதுவும் கண்ணாடி போட்டுக்கொள்ளும் என்றாள் எட்டாம் வகுப்பு. மீன்கள் முறை வைத்து உட்காரலாம் என்றால், மீன் எப்படி நாற்காலியில் உட்காரும், தண்ணீர் வேண்டாமா என்று ஒரு ஆட்சேபணை. நாற்காலியை உடைத்து விறகாக்கலாம் என்றும் ஒரு கட்சி இருந்தது. இதற்குள் தடைக்காலம் முடிந்து பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. நீல ஸ்கெட்ச்சும் தீர்ந்துபோயிற்று. நாற்காலி அப்படியே நின்றுவிட்டது. எதையும் உணர்த்துவதற்காக அவர்கள் அதைக் காலியாக விடவில்லை, இன்னும் பேசி முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

புத்தகத்தை மாற்றமில்லாமல் பதிவுத் தபாலில் மறுபடி அனுப்புகிறேன். வேண்டாமென்றால் வேண்டாம் என்று ஒரு வரி எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். நகல் எடுத்து ஊர் ஊராகக் கொடுத்துக்கொள்வோம். விளக்கம் மட்டும் இனிக் கேட்காதீர்கள். இந்த மடலை எழுதவே எனக்கு நான்கு சாயங்காலம் ஆயிற்று, அந்த நான்கு நாளும் பிள்ளைகளுக்குக் கதை இல்லை.

நேரில் வந்து பேசலாம் என்று தோன்றினால் வாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி, வலை கொட்டகை டீச்சர் என்று கேட்டால் காட்டுவார்கள். நாற்காலி எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதன்மேல் புத்தகம் அடுக்கியிருக்கிறோம். பாயில்தான் உட்கார வேண்டியிருக்கும். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் உங்களை வரைவார்கள், அதை மட்டும் தடுக்க என்னால் முடியாது. நீல ஸ்கெட்ச் புதிதாக வாங்கியாயிற்று.

இப்படிக்கு,
வலை கொட்டகை டீச்சர்